குசினிக்குப் புது வயரிங்: ஆள் பிடிப்பதிலிருந்து கடைசிக் காசு கொடுப்பது வரை

குசினி வயரிங் மாற்றப் போகிறவர்கள் எலக்ரீசியனைக் கண்டதும் கேட்பது ஒன்றே ஒன்று: "எவ்வளவு முடியும்?" மூன்று பேரிடம் கேட்டால் மூன்று தொகை வரும். ஒன்று மற்றதின் இரண்டு மடங்காகக்கூட இருக்கும். உடனே யார் ஏமாற்றுகிறார் என்று வீட்டில் விவாதம் தொடங்கிவிடும். பெரும்பாலும் மூவருமே ஏமாற்றியிருக்க மாட்டார்கள். என்ன வேலை என்று வீட்டுக்காரர் சொல்லாததால், ஆளுக்கொரு வேலையை மனதில் வைத்து விலை சொல்லியிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் குசினியை ஒருமுறை பிழையாகவும் ஒருமுறை சரியாகவும் செய்தேன். அப்புறம் சொந்தக்காரர், அயலவர் என்று நாலைந்து வீடுகளில் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்றேன். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் தடுக்கியது: வேலையின் வரிசை மாறிப்போனது. அதனால் இங்கே எழுதியிருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். இதைப் படித்துவிட்டு நீங்களே சுவிட்ச் போர்டைக் கழற்ற வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலை ஆளைத் தெரிவதும் கணக்குப் பார்ப்பதும்தான்.

1. குசினியில் ஓடும் சாமான்களை வாட்ஸோடு எழுதுங்கள்

ஒரு கொப்பித் தாளில் குசினியில் கரண்டில் ஓடும் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு சாமானின் அடியிலோ முதுகிலோ வாட்ஸ் அச்சடித்த சிறு தகடு இருக்கும். கேத்தில் 2000 அளவில் இருக்கும். சின்ன இண்டக்ஷன் அடுப்பும் அப்படித்தான். கேக் சுடும் அவன் (oven) 1500 முதல் 2000 வரை, மைக்ரோவேவ் 1200 அளவு, ரைஸ் குக்கர் 700 அளவு. பிரிட்ஜ் 150 தான், ஆனால் நாள் முழுக்க நிற்கும்.

இப்போது இல்லாமல் இரண்டு வருடத்தில் வாங்கப் போவதையும் எழுதுங்கள். 2022-ல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் பல வீடுகளில் ஹொட் பிளேட்டும் இண்டக்ஷனும் குசினிக்குள் வந்தன. அவை வந்த அளவுக்கு வயர் மாறவில்லை. மிக்சிக்கும் லைட்டுக்கும் போட்ட வயரில்தான் இன்றும் பல குசினிகளில் அடுப்பு எரிகிறது. சொக்கட்டின் முகம் மஞ்சளாகிக் கருகுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கணக்கு எளிது. வாட்ஸை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர். கேத்தில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். கேத்திலும் 2000 வாட்ஸ் அவனும் ஒன்றாக ஓடினால் 17-ஐத் தாண்டும். மைக்ரோவேவையும் போட்டால் 22 அல்லது 23.

வீட்டுக்கு வரும் மொத்தக் கரண்டையும் பாருங்கள். சாதாரண ஒற்றை பேஸ் இணைப்பு 30 ஆம்பியர், அதாவது 6900 வாட்ஸ். காலை ஆறரைக்கு கேத்தில், இண்டக்ஷன், அவன் மூன்றும் ஓடும்போது கிணற்று மோட்டரையும் போட்டு, யாராவது சட்டைக்கு அயர்னும் பிடித்தால் அந்த எல்லை தாண்டிவிடும். குசினி வயரை எவ்வளவு தடிப்பாகப் போட்டாலும் இது தீராது. மூன்று பேஸுக்கு மாறுவதா, அல்லது மோட்டரை வேறு நேரத்தில் போடுவதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இணைப்பை மாற்ற, மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது தனிச் செலவு, தனிக் காலம்.

2. இருக்கிறதைப் பாருங்கள், கை வைக்காமல்

மீற்றருக்குப் பக்கத்தில் அல்லது உள்ளே ஹோலில், வீட்டுக்குள் கரண்டைப் பிரித்து அனுப்பும் டீ.பி. பெட்டி இருக்கும். அதை ஒரு படம் எடுங்கள். அதில் மூன்று விஷயம் தேடுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா? ஆர்.சி.சி.பி. என்பது அதன் பெயர், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து நிறுத்துவது அதன் வேலை. ‘டெஸ்ட்’ என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். அமத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான். அதன் முகத்தில் 30 மில்லி ஆம்பியர் என்று இருக்க வேண்டும். பழைய வீடுகளில் 100 கிடைக்கும். ஆளைக் காப்பாற்ற 30 வேண்டும்.

எர்த் எங்கே போகிறது? நம்மிடம் எர்த் என்பது வீட்டுக்காரரே தன் நிலத்தில் பதிக்கும் கம்பி. வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் தட்டும். நான்கடி இறங்கிய கம்பி அதற்கு மேல் போகாமல் நின்றதும், மிச்சத்தை வெட்டிவிட்டு மண்ணை மூடிய வீட்டை நானே பார்த்திருக்கிறேன். கம்பி வெளியே தெரிகிறதா, வயர் அதில் இறுக்கமாக நிற்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குருநகர், வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் உப்புக் காற்று, வயரைக் கம்பியோடு பிடிக்கும் கிளம்பைத் தின்றிருக்கும்.

வயரின் நிறம் என்ன? சிவப்பும் கறுப்பும் என்றால் பழைய வயரிங். மண்ணிறமும் நீலமும் புதியது. எர்த் பச்சையும் மஞ்சளும் கலந்தது. இரண்டு வகையும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தால் இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை எலக்ரீசியனுக்குச் சொல்லுங்கள்.

மீற்றரின் சீலை எவரும் தொடக் கூடாது, எலக்ரீசியன் உட்பட. "நான் கழற்றிப் பூட்டித் தாறன், ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்பவரை அந்த இடத்திலேயே வழியனுப்பி விடுங்கள். சோலர், பற்றரி இன்வேட்டர், ஜெனரேட்டர் இருந்தால் அதையும் தாளில் எழுதுங்கள். பற்றரி உள்ள வீட்டில் மெயினை நிறுத்தினாலும் சில வயரில் கரண்ட் நிற்கும்.

3. சுவரில் சோக்கால் கீறுங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிச் செலவுக் குழப்பம் தீரும். அரை நாள் எடுத்து, குசினியில் எந்தச் சாமான் எங்கே நிற்கும் என்று முடிவெடுத்து, சொக்கட் வர வேண்டிய இடத்தில் சோக்கால் பெட்டி கீறுங்கள். சமைப்பவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சமைக்காதவர் கீறினால் மிக்சி ஒரு மூலையிலும் அதன் சொக்கட் மறு மூலையிலும் வரும்.

சிங்குக்கு மேலே சொக்கட் வேண்டாம். ஓரத்திலிருந்து ஒரு அடியாவது தள்ளுங்கள், ஏனென்றால் கழுவும்போது தண்ணீர் பக்கவாட்டில்தான் தெறிக்கும். காஸ் அடுப்புக்கு நேர் மேலேயும் வேண்டாம். ஆவியும் எண்ணெயும் சேர்ந்து சொக்கட்டுக்குள் பசை பிடிக்கும். சிலிண்டர் வைக்கும் தட்டுக்குக் கீழே சொக்கட், சுவிட்ச் எதுவுமே கூடாது. சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், ஒரு பொறி போதும்.

குசினி மேசைத் தட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சொக்கட் வந்தால் வசதி. பிரிட்ஜுக்கும் அவனுக்கும் உரிய சொக்கட்டைச் சாமானுக்கு நேர் பின்னால் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். பின்னால் வைத்தால் அவசரத்துக்கு நிறுத்த முடியாது.

எல்லாம் 13 ஆம்பியர் சதுர முள் சொக்கட்டாகவே இருக்கட்டும். இலங்கைக்கு அதுதான் நியமம். இந்தியாவிலிருந்து வந்த மிக்சியின் உருண்டை முள்ளை, பேனை மூடியால் எர்த் ஓட்டையைக் குத்தித் திறந்து செருகும் வழக்கம் நம் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. அப்படிச் செருகினால் எர்த் தொடாது, பிடியும் தளரும். பிளக்கை மாற்றிக்கொள்ளுங்கள். செலவு சின்னது.

எண்ணிப் பாருங்கள். இரட்டைச் சொக்கட் எத்தனை, ஒற்றை எத்தனை, லைட் எத்தனை, எக்ஸோஸ்ட் ஃபானுக்கு ஒன்று, வாட்டர் ஃபில்டருக்கு ஒன்று. இந்த எண்ணிக்கைதான் நீங்கள் விலை கேட்கப் போகும் வேலை. டைல்ஸ் ஒட்டப் போகிறீர்கள் என்றால் இதை அதற்கு முன் செய்யுங்கள். எங்கள் முதல் தடவையில் டைல்ஸ் ஒட்டி ஒரு கிழமையில் அவனுக்குச் சொக்கட் இல்லை என்று தெரிந்தது. உடைத்த நான்கு டைல்ஸின் நிறம் பிறகு எந்தக் கடையிலும் ஒத்துவரவில்லை. இன்றும் அந்த மூலையில் ஒரு கலண்டர் தொங்குகிறது.

4. எத்தனை சேர்க்கிட் என்று தீர்மானியுங்கள்

டீ.பி. பெட்டியிலிருந்து தனியாகப் போகும் ஒரு வயர் வழிதான் சேர்க்கிட். எத்தனை என்பதை எலக்ரீசியன்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு விளங்கியிருந்தால்தான் அவர் சொல்வது சரியா என்று தெரியும்.

வயரின் தடிப்பும், பாரம் கூடினால் தானாக விழும் சின்னச் சுவிட்சான எம்.சி.பி.யின் இலக்கமும் சோடியாகப் போக வேண்டும். கடையில் வயரை இழைக்கணக்கில் சொல்வார்கள்: முதல் எண் எத்தனை இழை, அடுத்தது ஓர் இழையின் தடிப்பு மில்லிமீற்றரில். லைட்டுக்கு 1/1.13, அதாவது 1 சதுர மில்லிமீற்றர், அதற்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. சொக்கட்டுக்கு 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர், ஒற்றை வழியாகப் போனால் 20 ஆம்பியர். பெரிய அவனுக்கும் இரட்டை அடுப்பு இண்டக்ஷனுக்கும் 7/0.85, அதாவது 4 சதுர மில்லிமீற்றர், தனி வழியில்.

எம்.சி.பி. காவல் காப்பது வயரை. வயர் சூடேறும் முன் அது விழ வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர் முறைப்பட்டதும் 20-ஐக் கழற்றி 32-ஐப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்புறம் விழாது. சுவருக்குள் வயர்தான் உருகும்.

7/0.67-ஐ வளையமாக ஓட்டி 32 ஆம்பியர் போடும் முறையும் உண்டு, அது பிழையில்லை. வளையத்தின் இரண்டு முனையும் பெட்டிக்குத் திரும்பி வந்திருந்தால் மட்டும் அது சரி. இடையில் எங்காவது அறுந்தாலும் எல்லாச் சொக்கட்டும் வேலை செய்யும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மொத்தப் பாரமும் ஒரே பக்கத்தால் ஓடும். அதனால் குசினிக்கு நான் ஒற்றை வழியைத்தான் விரும்புவேன்.

ஒரு நடுத்தரக் குசினிக்கு மேசையின் இடப் பக்கம் ஒரு சேர்க்கிட், வலப் பக்கம் ஒன்று, பிரிட்ஜுக்குத் தனியாக ஒன்று, லைட்டுக்கு ஒன்று. பெரிய அடுப்பு இருந்தால் இன்னொன்று. பிரிட்ஜைப் பிரிப்பதற்குக் காரணம், கேத்தில் கசிந்து ட்ரிப் விழுந்த நாளில் மீனும் இறைச்சியும் பழுதாகாமல் இருக்க. ஆனால் எல்லாம் ஒரே ட்ரிப்புக்குக் கீழே நின்றால் அது விழும்போது பிரிட்ஜும் நிற்கும், அதனால் அந்த ட்ரிப்புக்கு வெளியே பிரிட்ஜுக்கு ஆர்.சி.பி.ஓ. என்னும் தனிக் காவலைப் போடுங்கள். கொஞ்சம் கூட முடியும்.

5. காலம் பார்ப்பது

ஐப்பசி, கார்த்திகையில் சுவர் வெட்ட வேண்டாம். பூச்சு காயாது, ஈரச் சுவரில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் வயரிங்கில் பிழையா மழையில் பிழையா என்று பிரிக்க முடியாது. கோயில் திருவிழாக் காலத்தில் நல்ல ஆட்கள் பலர் மின் அலங்கார வேலைக்குப் போய்விடுவார்கள். நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாள் பொறுத்திருக்கத்தான் வேண்டும். தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்த பிறகு நல்லது.

6. ஆளைத் தேடுவது

கடைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் வயரிங் செய்த வீட்டைத் தேடி அந்த வீட்டுக்காரரோடு கதையுங்கள். முடித்த கிழமையில் எல்லா வேலையும் அழகாகத்தான் இருக்கும். ஒரு மழை, ஒரு வெயில் கண்ட வேலைதான் உண்மையைச் சொல்லும். கேட்க வேண்டியது: ட்ரிப் விழுகிறதா, பிழை வந்தபோது கூப்பிட்டால் வந்தாரா.

எலக்ரீசியனுக்கு என்.வி.கியூ. என்னும் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. 3 அல்லது 4-ஆம் மட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். தாள் இல்லாத கெட்டிக்காரரும் உண்டு, தாள் வைத்திருக்கும் சோம்பேறியும் உண்டு. ஆனாலும் கேட்பதால் ஒன்றும் குறையாது, ஆள் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதும் தெரியும்.

வந்தவரிடம் நான் கேட்பது மூன்று கேள்வி. "இந்தச் சொக்கட்டுக்கு எந்த வயர், எந்த எம்.சி.பி.?" இரண்டையும் சோடியாகச் சொல்ல வேண்டும். "மெகர் இருக்கா?" வயரின் காப்பைச் சோதிக்கும் கருவி அது. சொந்தமாக இல்லாவிட்டாலும் வாங்கிவந்து பார்ப்பேன் என்றால் சரி, "அதெல்லாம் பெரிய கட்டடத்துக்கு" என்றால் சரியில்லை. "நீங்களே நிற்பீங்களா?" விலை பேச ஐயா வருவார், வேலைக்கு இரண்டு பொடியன்கள் வருவார்கள். பொடியன்கள் சுவர் வெட்டட்டும், பரவாயில்லை. பெட்டிக்குள் வயர் பூட்டும் நாளில் ஐயா நிற்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி இங்குள்ள வீட்டை வேலை செய்விப்பவர்களுக்கு ஒரு சொல்: விலை பேசி முடியும்வரை காசு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்ற கதையே எடுக்க வேண்டாம். ரொறன்ரோ, லண்டன் என்று காதில் விழுந்ததும் தொகை தன்பாட்டில் வளரும். பேச்சை ஊரில் நிற்கும் ஒருவரிடம் விடுங்கள்.

7. விலை கேட்பதும் பிரித்துப் பார்ப்பதும்

சோக்குக் கீறலையும் சேர்க்கிட் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி மூன்று போட்டோக் கொப்பி எடுங்கள். மூவருக்கும் ஒரே தாள். இப்போதுதான் மூன்று தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருள் இருக்கும்.

கூலி மூன்று விதமாகச் சொல்லப்படும்: பொயின்ற் கணக்கு, நாட்கூலி, முழு வேலைக்கும் ஒரே தொகை. பொயின்ற் கணக்கில்தான் அதிகம் சண்டை வரும். ஒரு வீட்டில் கேட்ட பேச்சு இது.

"தம்பி, ஒரு பொயின்ற் எண்டால் என்ன கணக்கு?"

"ஒரு லைட் ஒரு பொயின்ற் அண்ணை. டபிள் சொக்கட் எண்டால் ரெண்டு."

"ரெண்டுக்கும் வயர் ஒண்டுதானே போகுது?"

"சொக்கட் ரெண்டு இருக்கெல்லோ."

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் வேலை முடிந்த பிறகு இதைப் பேசினால் ஆறு இரட்டைச் சொக்கட் பன்னிரண்டு பொயின்றாகிவிடும். முதலே கேட்டு எழுதுங்கள்: இரட்டை எத்தனை பொயின்ற், பெட்டியிலிருந்து தனியாக இழுக்கும் வயருக்கு வேறா, சுவர் வெட்டுவது சேருமா, பூசி மூடுவது யார், பழைய வயரை இழுத்து எடுப்பது யார், டீ.பி. பெட்டி பூட்டுவதற்கு எவ்வளவு, எர்த் கம்பிக்கு எவ்வளவு. குறைந்த தொகை சொன்னவரின் தாளில் பெரும்பாலும் இவற்றில் மூன்று நான்கு விடுபட்டிருக்கும். பூச்சு வேலைக்கு மேசனை நீங்களே பிடிக்க வேண்டி வந்தால் அந்தக் கூலியையும் அவருடைய தொகையோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கூலி நியாயமா என்று பார்க்க ஒரு வழி. எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேளுங்கள். மொத்தக் கூலியை ஆள்நாளால் வகுங்கள். இரண்டு பேர் ஐந்து நாள் என்றால் பத்து. வருகிற தொகையை உங்கள் ஊரில் மேசனுக்கும் கையாளுக்கும் இன்று கொடுக்கும் நாட்கூலியின் நடுத்தொகையோடு வைத்துப் பாருங்கள். மேசன் கூலி எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அதை அளவுகோலாக எடுத்தேன். எலக்ரீசியனுக்குக் கொஞ்சம் கூட இருப்பது முறை, கருவியும் பொறுப்பும் அவருடையது. இரண்டு மடங்கு என்றால் காரணம் கேளுங்கள். மேசனை விடக் குறைவு என்றாலும் கேளுங்கள், அந்தக் குறையை எங்காவது சாமானில் எடுப்பார்.

சாமான் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, பெட்டியிலிருந்து குசினிக்கு 10 மீற்றர், கீழே இறங்க 2 மீற்றர். இடப் பக்கச் சேர்க்கிட் சுவரில் 6 மீற்றர் போனால் 18. வலப் பக்கம் 8 போனால் 20. பிரிட்ஜ் 3 போனால் 15. மூன்றும் சேர்ந்து 53 மீற்றர். ஒவ்வொன்றிலும் பேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று வயர் போவதால் ஒவ்வொரு நிறத்திலும் 53 மீற்றர் 7/0.67 வேண்டும். வெட்டுத்துண்டு, பெட்டிக்குள் விடும் மிச்சம் என்று நூற்றுக்குப் பதினைந்து கூட்டினால் 61. வயர் ரோல் 100 மீற்றர். ஆகவே நிறத்துக்கு ஒரு ரோல் தாராளம், மிஞ்சும்.

இதே குசினிக்கு நிறத்துக்கு இரண்டு ரோல் எழுதிய பட்டியலைப் பார்த்தேன். கேட்டதும் "மிஞ்சினால் திருப்பிக் கொடுக்கலாம்" என்றார். பிரித்த ரோலைக் கடை திருப்பி எடுக்காது. மிஞ்சியது அடுத்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டிலும் காசு வாங்கப்படும்.

விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்றும் எழுதி வாங்குங்கள். வயரின் விலை செம்பையும் டொலரையும் பார்த்து ஓடுவது. 2022 மார்ச்சில் டொலர் ஏறியபோது முந்தின மாதம் சொன்ன சாமான் விலை எவருக்கும் உதவவில்லை. கூலி ஒரு தாளில், சாமான் இன்னொரு தாளில் இருந்தால், ஏறுவது எது என்று தெரியும்.

8. சாமானை நீங்களே வாங்குங்கள், பட்டியல் அவருடையது

டவுனிலும், சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி போன்ற கிட்டிய சந்தியிலும் என்று இரண்டு கடையில் ஒரே பட்டியலுக்கு விலை கேளுங்கள். எலக்ரீசியனுக்குக் கடை கழிவு (கமிஷன்) கொடுப்பது வழக்கம், அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். அவரோடு போய், பில்லை உங்கள் பெயரில் எடுத்தால் போதும். கழிவை இல்லாமல் செய்தால் கூலியில் கூட்டுவார், அது இயல்பு.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். கெலானி, ஏ.சி.எல்., சியரா என்று இங்கேயே தயாராகும் வயர்கள் இருக்கின்றன. உறையில் எஸ்.எல்.எஸ். என்னும் இலங்கைத் தரக் குறி, அளவு எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். 7/0.67 என்றால் உள்ளே ஏழு இழை, எண்ணிப் பாருங்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளேயும் செம்பு நிறம் வர வேண்டும். வெள்ளை தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசியது.

சுவிட்ச் முகத்தின் அழகில் காசைக் குறைத்து, ஆர்.சி.சி.பி.யிலும் எம்.சி.பி.யிலும் போடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், கண்ணுக்குத் தெரிவது முகம்தானே.

9. காசு கொடுக்கும் படிகள்

சாமானை நீங்கள் வாங்கினால் பெரிய அட்வான்ஸுக்குக் காரணமே இல்லை. கூலியை நான்காகப் பிரிப்பேன். பைப்பும் பெட்டியும் சுவரில் பதிந்ததும் ஒரு பங்கு. வயர் இழுத்து முடிந்ததும் இன்னொன்று. சொக்கட், டீ.பி. பூட்டியதும் மூன்றாவது. கடைசிப் பங்கு சோதனை முடிந்து ஒரு கிழமை குசினி ஓடிய பிறகு. இதை வேலை தொடங்க முன் சொன்னால் எவரும் கோபிப்பதில்லை. கடைசி நாளில் சொன்னால் கோபிப்பார்கள், அது நியாயமும்தான்.

நடுவில் கூட்டும் ஒவ்வொரு பொயின்றையும் அன்றைக்கே தாளில் எழுதுங்கள். "இதில ஒண்டு போடுங்கோவன்" என்று வாயால் சொன்ன ஐந்து சொக்கட்தான் கடைசிப் பில்லை வீங்க வைக்கும்.

10. வேலை நடக்கும்போது எதைப் பார்ப்பது

வரிசை: சுவர் வெட்டு, பைப் பதிப்பு, பூச்சு, வயர் இழுப்பு, டைல்ஸ், பிறகு சொக்கட் முகம். பூசுவதற்கு முன் நான்கு சுவரையும், பக்கத்தில் அளவு நாடா பிடித்து, படம் எடுங்கள். பிற்காலத்தில் றாக்கை அடிக்க ஆணி எங்கே போகலாம் என்று அந்தப் படம்தான் சொல்லும்.

வெட்டு நேர் மேலாகவோ நேர் பக்கமாகவோ இருக்க வேண்டும். குறுக்கே சரிவாக வெட்டினால் பைப் மிச்சம், ஆனால் வயர் எங்கே போகிறது என்று பிறகு ஒருவராலும் ஊகிக்க முடியாது. பழைய சுண்ணாம்புக் கல் சுவர் உதிரும். அதில் சுத்தியலை விட வெட்டும் மெஷின் நல்லது, தூசி வீடு முழுக்கப் போகும் என்பதால் சாமானை மூடிவையுங்கள்.

சுவருக்குள் முறுக்கி டேப் சுற்றிய மூட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. மூட்டு எல்லாம் திறக்கக்கூடிய பெட்டிக்குள். எர்த் வயர் ஒவ்வொரு சொக்கட்டுக்கும் போகிறதா என்று முகம் பூட்டுமுன் கேட்டுப் பாருங்கள். எர்த் இல்லாமலும் எல்லாம் ஓடும், அதனால்தான் விடுபடுகிறது. எர்த் இருந்தால் கசிவு வந்த நொடியே ட்ரிப் விழும். இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும்.

புது வயரிங்கில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நியூட்ரல் கலந்திருப்பது. குசினி லைட்டுக்குப் பேஸ் ஒரு வழியில், நியூட்ரல் வேறு வழியில் எடுத்திருப்பார்கள். அதைத் தேடிப் பிரிக்க அரை நாள் போகும். அந்த அரை நாளுக்குச் சோம்பி, ட்ரிப்பைத் தாண்டி நேரே வயர் கொடுத்துவிட்டுப் போன வேலை ஒன்றை அயல் வீட்டில் கண்டுபிடித்தோம். டெஸ்ட் பொத்தான் அழகாக விழுந்தது, குசினி மட்டும் தொடர்ந்து ஓடியது.

11. கடைசிப் பங்குக்கு முன் சோதனை

டெஸ்ட் பொத்தானை அமத்தி, குசினியின் எல்லாச் சொக்கட்டும் செத்துப்போகிறதா என்று மேசை லாம்பைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேலே சொன்ன தந்திரம் இதில் பிடிபடும்.

எம்.சி.பி.களை ஒன்றொன்றாக நிறுத்தி, எது எதற்கு என்று பெட்டிக்குள் தமிழில் எழுதி ஒட்டுங்கள். இரவில் அம்மா தனியே நிற்கும்போது படிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

மெகரில் 500 வோல்ட்டில் பார்த்த அளவை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் வேலை முடியவில்லை. புது வயரில் அதைவிட எவ்வளவோ கூட வரும். எர்த் கம்பியின் அளவையும் அதே தாளில் எழுதி ஒப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள்.

கேத்திலைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கொதிக்கவைத்தும் அவனை ஓடவிட்டும், அதனதன் சொக்கட்டில் இருபது நிமிடம் போனதும், பிளக்கைக் கழற்றி, சொக்கட் முகத்தில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை எடுக்கத் தோன்றும் சூடு என்றால் உள்ளே ஆணி இறுகவில்லை. அதை இறுக்கிய பிறகு இன்னும் இருபது நிமிடம் ஓடட்டும். நேரம் போகுமே என்று எலக்ரீசியன் முகம் சுளித்தால், அதே கேத்திலில் அவருக்கும் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள்.